வீடியோவில் டாக்டரைப் பார்த்தாலும் முழு ஃபீஸா?

தேயிலைக்காடு (வண்டிப்பெரியார்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நியாயம் கேட்க வேண்டும்.

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆனவர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இன்னும் லயத்தில்தான் (எஸ்டேட் வரிசை வீடு) இருக்கிறோம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்க்கரை டாக்டரிடம் காட்டி வருகிறோம். குமுளி போய், மலை இறங்கி, கம்பம், தேனி தாண்டி மதுரை போய்த் திரும்பினால் ஒரு நாள் காலி. என் சம்பளமும் போகும். அதனால் அங்கே வீடியோ கன்சல்டேஷன் ஆரம்பித்தபோது நிம்மதியாக இருந்தது.

நேரில் போனாலும் 600, வீடியோவிலும் 600. பணத்தை முன்னாடியே கட்டினால்தான் நேரம் தருவார்கள். கட்டினோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டார். அம்மா பேச்சுவாக்கில், "நடக்கும்போது செருப்பு கழன்று போனாலும் தெரிய மாட்டேங்குது சார்" என்றார். அதோடு டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு, "அப்ப பாதத்தை நேரில் பார்க்கணும், கூட்டிட்டு வாங்க" என்றார். முடிந்தது.

அவர் சொன்னது சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நேரில் போனபோது மறுபடியும் 600 கேட்டார்கள். முதலில் கட்டியது என்ன ஆச்சு என்றால், "அது ஆன்லைன் கணக்கு, இது வேற கணக்கு" என்கிறார்கள். கம்பெனியில் எனக்குக் கொடுத்திருக்கிற இன்சூரன்ஸில் அம்மா பெயரும் இருக்கிறது. அதில் கேட்டால் ஓ.பி. (ஆஸ்பத்திரியில் சேராமல் வெளியே பார்க்கிற வைத்தியம்) கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

இதற்கு விதி ஏதும் உண்டா? தொட்டுப் பார்க்காத வைத்தியத்துக்கும் தொட்டுப் பார்த்த வைத்தியத்துக்கும் ஒரே விலை என்பது சரியா?


சுருளி (உத்தமபாளையம்)

தம்பி, நான் பொது மருத்துவர். டாக்டர்கள் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டலாம்.

விதி இருக்கிறது. 2020 மார்ச் 25-ல், ஊரடங்கு போட்ட அதே வாரத்தில், தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. மருத்துவர்களின் 2002 நடத்தை விதிகளுக்குப் பின்னிணைப்பாக அதைச் சேர்த்தார்கள். கட்டணத்தைப் பற்றி அதில் இருப்பது கொஞ்சம்தான். நேரில் பார்ப்பதைப் போலவே கருதித் தகுந்த கட்டணம் வாங்கலாம், வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். பாதி வாங்கு, முக்கால் வாங்கு என்ற பேச்சே இல்லை. உங்களுக்கு நடந்தது போல, "நேரில் வா" என்று முடிகிற அழைப்புக்குப் பணத்தை என்ன செய்வது என்பதைப் பற்றியும் அதில் எதுவும் கிடையாது. ஓட்டை அங்கேதான்.

ஆனால் அந்த டாக்டர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. போனில் முடிக்கலாமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று தீர்மானிப்பது டாக்டர்தான். எந்த ஆப்பும் எந்த நிர்வாகமும் அதில் தலையிட முடியாது. காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளியை வீடியோவிலேயே பார்த்து மாத்திரை எழுதி அனுப்பியிருந்தால் நான்தான் முதலில் சண்டைக்கு வந்திருப்பேன். ஒரு முள் குத்திப் புண்ணானாலும் அம்மாவுக்கு வலி தெரியாது. விரலை எடுக்கிற அளவுக்குப் போவதெல்லாம் இப்படித்தான் தொடங்குகிறது.

விலை விஷயத்தில் என் கருத்து: பாதி ஃபீஸ் வாங்கினால் பொறுப்பு பாதியாகிவிடாது. வாங்குவது நூறு ரூபாயாக இருந்தாலும், தப்பாக எழுதினால் மருத்துவ கவுன்சிலில் நிற்கப் போவது நான்தான்.


திராட்சைத் தோட்டம் (கூடலூர், தேனி மாவட்டம்)

டாக்டர் சார், பொறுப்பு முழுசுதான், ஒத்துக்கொள்கிறேன். செலவு முழுசா? கட்டில் இல்லை, பி.பி. பார்க்கிற நர்ஸ் இல்லை, உட்கார நாற்காலி இல்லை, மின்விசிறி இல்லை. கரண்ட், நெட், போன் எல்லாம் எங்கள் செலவு. பி.பி. மெஷினையும் நாங்களே வாங்கி வைத்து நம்பரைச் சொல்ல வேண்டும். பாதி வேலையை நோயாளி வீட்டில் செய்கிறான், விலை மட்டும் குறையாது என்றால் எப்படி?

பஸ் காசு உங்களுக்கு மிச்சம்தானே என்று சொல்லிவிடாதீர்கள். அது என் மிச்சம். அதை எடுத்து உங்கள் ஃபீஸில் சேர்க்க முடியாது.


மருந்துக்கடை வாசல் (குமுளி)

ரெண்டு பேரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த விலைக்கு வருகிற சரக்கு எப்படி இருக்கிறது என்பதைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களிடம் கேளுங்கள்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். கீறல் விழுந்த போனை நீட்டினான், அதில் மருந்துச் சீட்டு. ஒரு ஆன்டிபயாட்டிக், கேஸ் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, சளி சிரப், கடைசியில் ஒரு சத்து மாத்திரை. என்ன நோய் என்று எழுதவில்லை. டாக்டர் பெயருக்குக் கீழே பதிவு எண் இல்லை. "டாக்டர் என்ன கேட்டார்?" என்றேன். "யாரும் பேசலண்ணே. கேள்வி கேட்டுச்சு, ஆமா இல்லைன்னு அமுக்கினேன், சீட்டு வந்துருச்சு" என்றான். 99 ரூபாய் கட்டியிருக்கிறான்.

அந்த நெறிமுறையில் தெளிவாகவே இருக்கிறது: செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம், அதுவே ஆலோசனை சொல்லக் கூடாது, மருந்தும் எழுதக் கூடாது. டாக்டரின் பதிவு எண் சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும். நான் மருந்து கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

இதில் எங்கள் எல்லைச் சமாசாரமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேரளத்தில் ஆபரேஷன் அம்ரித் என்று மருந்துக்கடைச் சோதனை தொடங்கியதிலிருந்து, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்க இங்கே எல்லோரும் பயப்படுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சிலருக்கு அந்த 99 ரூபாய் வைத்தியச் செலவே இல்லை, சீட்டு வாங்குகிற செலவு. கடையில் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த அதே மாத்திரைக்கு இப்போது ஒரு தாள் கிடைக்கிறது, அவ்வளவுதான். கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியல் மருந்தை (சில ஆன்டிபயாட்டிக்குகளும் அதில் வரும்) விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனி ஏட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத சீட்டை நம்பி நான் அந்த ஏட்டில் என்னத்தை எழுத?

நல்ல சீட்டும் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். வயது, எடை, பழைய மாத்திரை, எதை நிறுத்த வேண்டும், எப்போது திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அச்சில் தெளிவாக வரும். டாக்டர்களின் கையெழுத்தோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய எனக்கு அது பெரிய வரம்.


சுருளி (உத்தமபாளையம்)

அண்ணே, அந்தப் பையன் கதைக்குள்ளேயே கூடலூர்க்காரருக்கும் பதில் இருக்கிறது. 99 ரூபாய்க்கு டாக்டரை உட்கார வைக்க முடியாது. உட்கார வைத்தாலும் மணிக்கு இத்தனை அழைப்பு என்று கணக்குப் போட்டுத்தான் வைப்பார்கள். அழைப்புக்கு இவ்வளவு என்று டாக்டருக்குக் கொடுத்தால், வேகமாகப் பேசி முடிக்கிறவர்தான் பிழைப்பார். "கொஞ்சம் இருங்கம்மா, செருப்பு கழன்றது எந்தக் கால்?" என்று கேட்கிறவருக்கு நஷ்டம்.

இன்னொன்று. முதல் தடவை பார்க்கிற நோயாளி என்றால், வீடியோ இருந்தால்தான் சில மருந்துகளை எழுத முடியும். வெறும் குரல் மட்டும் என்றால் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். மாதிரி சாதாரணப் பட்டியலோடு நின்றுவிட வேண்டும். நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் அதே நோய்க்குக் கூப்பிட்டால் அது தொடர் சிகிச்சை, அதில் கொஞ்சம் தாராளம் உண்டு. கடும் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்து, போதைப்பொருள் சட்டத்தில் வருகிற மருந்து இவற்றைப் பொதுவாகப் போனில் எழுதக் கூடாது. இப்போது ஹைரேஞ்சில் (இடுக்கி மலைப்பக்கம்) மழை அடித்து டவர் போய் வீடியோ அறுந்து குரல் மட்டும் வருகிறது என்று வையுங்கள். நான் எழுதக்கூடிய மருந்து பாதியாகச் சுருங்கிவிடும். ஃபீஸ் சுருங்குமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.


மட்டுறுத்துநர்

மருத்துவமனைப் பெயர், ஆப் பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் இல்லாமலே இழை நன்றாகப் போகிறது.


மலைநாட்டு சிஸ்டர் (பீருமேடு தாலுகா)

நான் அரசு துணை மையத்தில் நர்ஸ். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

காசில்லாத தொலைமருத்துவம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவே இல்லையே. இ-சஞ்சீவனி. மொகாலியில் இருக்கிற சி-டாக் என்ற மத்திய அரசுக் கணினி நிறுவனம் செய்து கொடுத்தது. 2019-ல் துணை மையத்திலிருந்து டாக்டரைக் கூப்பிடுகிற முறை வந்தது, 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்து நோயாளியே கூப்பிடுகிற முறையும் வந்தது. 2023 பிப்ரவரியில் நாடு முழுக்க 10 கோடி ஆலோசனையைத் தாண்டியது. இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த இழையின் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டிலிருந்து கூப்பிடும்போது டாக்டருக்குக் கிடைப்பது ஒரு முகமும் ஒரு குரலும். எங்கள் மையத்திலிருந்து கூப்பிடும்போது பக்கத்தில் நான் இருக்கிறேன். பிரஷரை நான் பார்க்கிறேன், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். லயத்துப் பெரியம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, விரல் இடுக்கையெல்லாம் விரித்துப் பார்ப்பேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தி, "தெரியுதா பெரியம்மா?" என்று கேட்பேன். சில பேர் தெரியாமலே "தெரியுது" என்று சொல்வார்கள், டாக்டர் திட்டுவாரோ என்ற பயத்தில். அதனால் இழையை வைக்காமலும் ஒருமுறை கேட்பேன். அப்போதும் "தெரியுது" என்றால் விஷயம் புரிந்துவிடும். இதை வீடியோவில் எந்த டாக்டர் கண்டுபிடிப்பார்?

டாக்டர் மலையாளத்தில் பேசுவார், பெரியம்மா தமிழில் பேசுவார். நடுவில் நான்தான். "நெஞ்சு படபடன்னு வருது" என்பதை நான் எப்படிச் சொல்கிறேன் என்பதை வைத்துத்தான் மருந்தே மாறும். தேயிலைக்காடு தம்பி, அடுத்த முறை அம்மாவை முதலில் உங்கள் பக்கத்துத் துணை மையத்துக்கோ குடும்ப ஆரோக்கிய மையத்துக்கோ கூட்டிப் போங்கள். காலைப் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் மதுரை டாக்டருக்குப் போன் போட்டால், அவருக்கும் ஏதாவது கையில் இருக்கும்.

கசப்பான ஒன்றையும் சொல்கிறேன். எந்த இலவசத் திட்டமாக இருந்தாலும், இன்றைக்கு எத்தனை அழைப்பு என்று எண்ணிக்கையை மட்டும் மேலே கேட்டால், கீழே எண்ணிக்கை மட்டும்தான் வரும். கால் பார்த்தது எத்தனை என்று கேட்டால் கால் பார்ப்பார்கள்.


பாலிசி பாண்டி (போடி)

இன்சூரன்ஸ் கேள்விக்கு நான் வருகிறேன்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் கம்பெனிகளுக்குச் சொன்னது இது: பாலிசியில் டாக்டர் ஆலோசனைக்குப் பணம் உண்டு என்றால், நெறிமுறைப்படி நடந்த தொலைமருத்துவ ஆலோசனைக்கும் உண்டு. கவனியுங்கள், புதிதாக எதையும் கூட்டவில்லை. ஓ.பி. இல்லாத பாலிசியில் நேரில் பார்த்தாலும் பணம் வராது, போனில் பார்த்தாலும் வராது. நம் ஊரில் விற்கிற பாலிசியில் பெரும்பாலும் ஓ.பி. கிடையாது. தம்பி கம்பெனியில் சொன்ன பதில் அதுதான்.

அரசுத் திட்டமும் அப்படித்தான். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு, கேரளத்துக் காருண்யா, ஆந்திராவில் என்.டி.ஆர். வைத்திய சேவை, எல்லாமே முக்கியமாகப் படுக்கைக்கானவை. மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்திலும் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். விரல் எடுக்கிற ஆபரேஷனுக்குப் பணம் உண்டு. அந்த விரலைக் காப்பாற்றுகிற போன் அழைப்புக்குக் கிடையாது. இதை நான் வாடிக்கையாளரிடம் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

ஆனால் பலர் விட்டுவிடுகிற பணம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் வரை அதே நோய்க்கான ஆலோசனை, டெஸ்ட், மருந்துச் செலவு நிறைய பாலிசிகளில் உண்டு. அந்த நாட்களில் போனில் டாக்டரிடம் பேசிய பில்லும் அதில் அடங்கும். அதற்கு ரசீது வேண்டும், டாக்டர் பெயர், பதிவு எண், தேதி, என்ன நோய் என்பது வேண்டும். ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டைக் கொண்டுவந்து நீட்டினால் நான் என்ன செய்ய முடியும்?

பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் எதற்கு என்று பாருங்கள். டாக்டர் ஃபீஸுக்கு வரி கிடையாது. ஆப் தனியாக வாங்குகிற சேவைக் கட்டணத்துக்குத்தான் 18 சதவீதம். ரெண்டையும் கலந்து மொத்தமாக வரி போட்ட பில்லையும் நான் பார்த்திருக்கிறேன்.


நகரி நூல் (நகரி)

நாங்கள் ஆந்திரா பக்கம் தமிழ் பேசுகிறவர்கள். சீக்கு என்றால் வேலூர், இல்லாவிட்டால் திருப்பதி, இல்லாவிட்டால் சென்னை. உங்கள் கதையைப் படித்தால் எங்கள் கதை மாதிரியே இருக்கிறது.

ஒரு பழைய தகவல். இந்தத் தொலைமருத்துவம் எங்கள் சித்தூர் மாவட்டத்துக்கு 2000-லேயே வந்துவிட்டது. அரகொண்டா என்ற ஊர், அப்பல்லோ நிறுவனரின் சொந்த ஊர். அந்த வருஷம் மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளின்டன் இந்தியா வந்திருந்தபோது தொடங்கி வைத்தார். சாட்டிலைட் வழியாகச் சென்னை டாக்டர் பேசுவார். டிஷ்ஷைப் பார்த்துத்தான் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் கிராமத்துப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியும் இருந்தது, படம் எடுக்க மெஷின் இருந்தது, ஆள் இருந்தது. அதனால்தான் சென்னையில் இருப்பவருக்குப் பார்க்க ஏதோ இருந்தது.

தேனிக்காரர்களுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. அவர்களுடைய சின்னச் சின்ன பார்வை மையங்களிலும் இதே வழிதான். பயிற்சி எடுத்த உள்ளூர்ப் பெண் மெஷினில் கண்ணைப் பார்த்துப் படம் அனுப்புவார், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நோயாளியிடம் வீடியோவில் பேசுவார். கட்டணம் சின்னது. ஒருமுறை கட்டினால் கொஞ்ச காலத்துக்கு அதே நோயாளி திரும்ப வரலாம். அழைப்புக்கு அழைப்பு மீட்டர் ஓடாது. சிஸ்டர் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே?


ஹைரேஞ்ச் பையன் (இப்போது நியூஜெர்சி)

இங்கே இந்தச் சண்டை சட்டசபை வரை போயிருக்கிறது. 2020-க்கு முன்னால் வயதானவர்களுக்கான மெடிகேர், கிராமத்தில் இருப்பவர் ஒரு கிளினிக்குக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் பேசினால்தான் பெரும்பாலும் பணம் கொடுக்கும். கொரோனாவில் அதைத் திறந்துவிட்டு, வீட்டிலிருந்து பேசினாலும் நேரில் பார்த்த அதே ரேட் என்றார்கள். வெறும் போன் பேச்சுக்கும் பணம் வந்தது. தற்காலிகம் என்று சொன்னதை அதன்பிறகு நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். தனியார் இன்சூரன்ஸ் ஒரே ரேட் கொடுக்க வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

ஒரே ரேட் வேண்டும் என்பவர்கள் சொல்வது, குறைத்தால் டாக்டர்கள் வீடியோவை மூடிவிட்டு எல்லோரையும் நேரில் வா என்பார்கள், நஷ்டம் தூரத்தில் இருப்பவனுக்குத்தான் என்று. எதிர்ப்பவர்கள், இது சும்மா சும்மா பில் போடுகிற வழியாகிவிடும் என்கிறார்கள். ரெண்டிலும் உண்மை இருக்கிறது.


திராட்சைத் தோட்டம் (கூடலூர், தேனி மாவட்டம்)

தம்பி, அங்கே கொடுப்பது அரசாங்கம். இங்கே கொடுப்பது என் சட்டைப்பை. அந்தத் தராசை இங்கே கொண்டு வராதீர்கள்.


சென்டர்காரன் (ஏலப்பாறை)

நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சிஸ்டர் சொல்கிற வேலையில் கொஞ்சத்தை நானும் செய்கிறேன். எஸ்டேட்காரர்கள் வருவார்கள், டாக்டர் ஆப்பில் பதிந்து கொடுப்பேன், மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து ஏற்றுவேன், பேச்சு முடிந்ததும் சீட்டை பிரிண்ட் எடுத்துத் தருவேன். 50 ரூபாய். நெட் எங்கள் கடையில்தான் நிற்கும், லயத்தில் நிற்காது. இதில் ஏதும் தப்பு இருக்கிறதா? ஒரு டாக்டர் ஆளுக்கு இவ்வளவு தருகிறேன், என்னிடமே அனுப்புங்கள் என்றும் கேட்டார். இன்னும் சரி சொல்லவில்லை.


மலைநாட்டு சிஸ்டர் (பீருமேடு தாலுகா)

பதிந்து கொடுப்பதில் தப்பில்லை அண்ணா. ஆனால் ஜெராக்ஸுக்கு வந்தவன் பின்னால் நிற்கும்போது ஒரு பெண் எப்படித் தன் வெள்ளைப்படுதலைப் பற்றி டாக்டரிடம் பேசுவாள்? "ஒண்ணுமில்ல சார், அசதி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். சத்து மாத்திரை சீட்டு வரும். ஒரு மறைப்பும் ஹெட்செட்டும் போடுங்கள், நீங்களும் வெளியே போய் நில்லுங்கள். மாத்திரை அட்டையை மட்டும் அனுப்பாமல், அதில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதும் தெரிகிற மாதிரி எடுங்கள். சாப்பிடாமல் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர், டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

மனசு சம்பந்தமாக யாராவது வந்தால் பணம் கட்ட வைக்காதீர்கள். 14416 டெலி-மானஸ் இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். போன் வழியாக உண்மையிலேயே நன்றாக நடக்கிற வைத்தியம் ஒன்று உண்டென்றால் அது பேச்சு வைத்தியம்தான். அங்கே தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, காது கொடுத்தால் போதும்.


தேயிலைக்காடு (வண்டிப்பெரியார்)

சிஸ்டருக்கும் டாக்டர் சாருக்கும் நன்றி. அந்த 600-ஐ விடுகிறதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். நாங்கள் கேரளா, மருத்துவமனை தமிழ்நாடு. வழக்கு என்றால் மதுரைக்கு அலைய வேண்டுமா?


கருப்புக் கோட்டு (பெரியகுளம்)

அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார்தாரர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே போடலாம். உங்களுக்கு இடுக்கி மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மதிப்புள்ள விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. பணம் கொடுத்து வாங்குகிற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். எல்லோருக்கும் இலவசமாகத் தருகிற அரசு சேவைக்கு அது பொருந்தாது.

ஆனால் உங்கள் வழக்கில் டாக்டரை இழுக்காதீர்கள். அவர் சொன்ன வைத்தியம் சரி என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். கேள்வி பணம் வாங்கிய நிர்வாகத்தின் மேல்தான். நேரில் வரச் சொன்னால் இந்தப் பணம் கழிக்கப்படாது என்று கட்டுவதற்கு முன் உங்களுக்குச் சொன்னார்களா? அந்தப் பக்கத்தில் எங்கேயாவது எழுதியிருந்ததா? எழுதாமல் வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கும். முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். முக்கால்வாசி இடத்தில் கடிதத்தோடு திருப்பித் தந்துவிடுவார்கள், 600 ரூபாய்க்காக வக்கீல் வைக்க அவர்களுக்கும் பைத்தியமா?

அந்த வீடியோ ஆலோசனையின் பதிவையும் கேட்டு வாங்கி வையுங்கள். மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002 நடத்தை விதி. "பாதத்தை நேரில் பார்க்க வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியமே தப்பு என்றால் மட்டும்தான் மருத்துவ கவுன்சில். டாக்டர் எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த மாநிலக் கவுன்சில்.


சுருளி (உத்தமபாளையம்)

சென்டர்காரரே, அந்த டாக்டருக்குச் சரி சொல்லாதது நல்லதாகப் போயிற்று. ஆள் அனுப்பியதற்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் நடத்தை விதியில் தடை.

இந்தத் தடை நல்லதுதான், ஆனால் அதில் ஒரு சிக்கல் எனக்கே இருக்கிறது. மேகமலைப் பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிரஷர் பார்த்து, புண்ணைக் கழுவிக் கட்டி, எனக்கு வீடியோவில் காட்டுவார். அவர் பக்கத்தில் இருந்தால் நான் தைரியமாக முடிவெடுக்கிறேன். என் ஃபீஸில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தால் நோயாளி அனுப்பியதற்குக் கமிஷன் என்று யாரும் சொல்லிவிடலாம். கொடுக்காவிட்டால் அவர் இலவசமாக உழைக்கிறார். கூடலூர்க்காரர் கேட்டாரே, கட்டிலும் நர்ஸும் இல்லாமல் எதற்கு முழு ஃபீஸ் என்று. அந்தக் கேள்வி எனக்குத் தைத்தது இந்த அக்காவை நினைத்துத்தான்.

இப்போதைக்கு நான் செய்வது: அவர் தன் பெயரில் நோயாளியிடம் தனியாக 100 ரூபாய் வாங்கித் தனி ரசீது கொடுக்கிறார். என் போன் ஃபீஸில் அந்த 100 ரூபாயைவிட அதிகமாகவே குறைத்துவிட்டேன். போனில் பேசி நேரில் வரச் சொன்னால் 15 நாளுக்குள் வருகிறவரிடம் மறுபடி வாங்குவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் இதைச் செய்வதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் பில் மெஷினில் இல்லாத வசதியா?


பாலிசி பாண்டி (போடி)

டாக்டர் சார், அந்த அக்காவின் 100 ரூபாய் ரசீதை ஓ.பி. உள்ள பாலிசியில்கூட என்னால் போட முடியாது. டாக்டர் ஆலோசனை என்று ஒரு தலைப்பு இருக்கிறது, டெஸ்ட் என்று ஒன்று, மருந்து என்று ஒன்று. பக்கத்தில் இருந்து புண்ணைக் கழுவிக் காட்டியதற்கு நிறைய பாலிசிகளில் தலைப்பே கிடையாது.


மலைநாட்டு சிஸ்டர் (பீருமேடு தாலுகா)

பாண்டி அண்ணா, தனியாரை விடுங்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டிலேயே மருத்துவ வசதி வைக்கச் சொன்னது. பீருமேட்டுப் பக்கம் 2000-ஐ ஒட்டி எஸ்டேட்டுகள் வரிசையாகப் பூட்டியபோது டிஸ்பென்சரிகளும் சேர்ந்து போயின. அங்கே ஒரு நர்ஸ், ஒரு பிரஷர் மெஷின், ஒழுங்கான நெட். இவ்வளவுதான் கேட்கிறோம். அந்தப் பக்கம் கூடலூரில் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே பெண்கள் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள் இல்லையா, திராட்சைத் தோட்டம் அண்ணா? அவர்கள் வருகிற நேரத்தில் உங்கள் டாக்டருக்குப் போன் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.


திராட்சைத் தோட்டம் (கூடலூர், தேனி மாவட்டம்)

வருகிறார்கள் சிஸ்டர். அந்தப் பொண்ணிடம் கேட்டுப் பார்க்கிறேன். நம்பர் குறித்த நோட்டை அவள் எடுத்துப் போய்விடுவாள், இனிமேல் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். பாதி ஃபீஸ் பேச்சை மட்டும் நான் விடுவதாக இல்லை.